முப்பத்தெட்டாம் எண் பனியனின் லாபம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். உற்சாகமூட்டும்படி இருக்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். இரண்டு நிபந்தனைகளையும் மீறப் போகிறேன். வேலையில் இருந்தவரை நான் எந்த நிபந்தனையையும் மீறியதில்லை. அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நம் கார் பந்தய அணியின் லைசென்ஸிங் பிரிவில் சேர்ந்த முதல் வாரமே வீரர்களின் ஒப்பந்தப் படிவத்தைப் படிக்கக் கொடுத்திருப்பார்கள். பதினோராவது ஷரத்தின் அடியில் யாராவது பென்சிலால் கோடு போட்டிருப்பார்கள். கார் பந்தய வீரரின் பெயர், முகம், எண், ஹெல்மெட்டின் வடிவமைப்பு ஆகிய நான்கும் ஒப்பந்தக் காலத்திலும் அதன்பின் இரண்டு வருடங்களும் அணிக்கே சொந்தம். அவற்றைப் போட்டு விற்கும் பனியன், தொப்பி, சாவிக்கொத்து எதன் லாபத்திலும் வீரருக்குப் பங்கில்லை. அதை எழுதியவள் நான். மூன்று வக்கீல்கள் ஓட்டை தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அன்று அலுவலகத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள்.

அந்த ஷரத்தின் நியாயம் உங்களுக்கும் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும். கார் அணியுடையது. டயர், இன்ஜின், மெக்கானிக், பந்தயத் தடத்தின் வாடகை எல்லாம் அணியின் செலவு. வீரருக்கு மாதச் சம்பளம் போகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், தான் கடைந்த திருகாணி எந்த விலைக்கு விற்றது என்று கேட்டுக்கொண்டு வருகிறாரா? இந்த உதாரணத்தைப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். தினகரன் மட்டும்தான் ஆட்டவில்லை.

தினகரன் மேனாம்பேட்டைச் சேர்ந்தவன். அப்பா பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து இறந்தவர். இவன் பூந்தமல்லி பைபாஸில் பணம் வாங்கிக்கொண்டு கோ-கார்ட் ஓட்டவிடும் இடத்தில் வேலை பார்த்தான். காலையில் வண்டிகள் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பது அவன் வேலை. எங்கள் அணி மேலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பிள்ளைகளோடு அங்கே போனார். பிள்ளைகளை மறந்துவிட்டு இவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் அவன் எங்கள் காரில் உட்கார்ந்தான். எண் முப்பத்தெட்டு.

நான் சட்டம் படித்தவள். காரைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு நாலு சக்கரம் என்பதுதான். ஆனாலும் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு தடத்தின் வேலியோரம் போய் நிற்கப் பழகினேன். கடைசி வளைவுக்கு முன்னால் எல்லோரும் பிரேக்கைத் தொடும் இடம் ஒன்று உண்டு. அவன் அந்த இடத்தைத் தாண்டியும் ஒரு மூச்சு நேரம் பிரேக்கைத் தொடாமல் இருப்பான். அந்த ஒரு மூச்சை நானும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கும் சில நேரம், எந்தக் காரணமும் இல்லாமல், சமையலறையில் நிற்கும்போது அந்த மூச்சு வந்து நெஞ்சில் நிற்கிறது.

இரண்டாவது வருடம் அவனுடைய பனியன் பந்தயத் தடத்துக் கடையில் முதல் மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். கறுப்புப் பனியன், நெஞ்சில் அவன் முகம், முதுகில் எண். எங்களுடைய இன்னொரு வீரரின் அப்பாவுக்கு இரண்டு பொறியியல் கல்லூரிகள் இருந்தன. அந்த வீரரின் பனியன்களை அந்தக் கல்லூரி மாணவர்களுக்கே இலவசமாகக் கொடுத்தார்கள். முதலாளி ஒருமுறை, வீரர் எதற்கு, காரை மட்டும் போட்டு அடியுங்கள் என்றார். அடித்தோம். கட்டுப் பிரிக்காமல் திரும்பி வந்தது. காரை யாரும் நெஞ்சில் போட்டுக்கொள்ள விரும்பவில்லை.

அந்த வாரம் தினகரன் என் அறைக்கு வந்தான். மேசையில் ஒரு மாதிரிப் பனியன் கிடந்தது.

"மேடம், இது யாரு மூஞ்சி?"

"உன்னோடதுதான். கண்ணாடி பார்க்கிற வழக்கம் இல்லையா?"

"அப்ப இதுல வர்ற துட்டு?"

"பதினொண்ணாவது ஷரத்து படிச்சியா இல்லையா?"

"படிச்சேன். லேத்து கதயும் கேட்டேன். ஆனா திருகாணி மேல லேத்துக்காரன் மூஞ்சி இல்லியே மேடம்."

"அந்த மூஞ்சியக் கார்ல உக்கார வெச்சது யாரு?"

"நீங்கதான்."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல, சொம்மா கேட்டேன். எங்கம்மாவுக்கு ஒரு பனியன் குடுங்க. ஊட்டாண்ட எல்லாரும் போட்டுகினு கீறாங்க, அதுக்கு மட்டும் இல்ல."

இலவசப் பிரதி வேண்டுமானால் விளம்பரப் பிரிவின் கடிதம் வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான். அடுத்த பந்தயத்தன்று கடை வரிசையில் நின்று, காசு கொடுத்து, தன் முகத்தை வாங்கிக்கொண்டு போனான். கடைக்காரர் இதை என்னிடம் ஒரு வேடிக்கையாகச் சொன்னார். நானும் சிரித்தேன்.

மூன்றாவது வருடத்தின் நடுவில் முதலாளி கையைச் சுருக்கினார். வரும் வருடம் ஒவ்வொரு வீரரும் தன் சீட்டுக்கான செலவில் பாதியைத் தானே கொண்டுவர வேண்டும், ஆடி மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும், இல்லையென்றால் சீட் வேறு ஒருவருக்கு. இது எங்கள் தொழிலில் புதிதல்ல. கல்லூரிக்காரர் அன்று மாலையே காசோலை அனுப்பினார். தினகரனுக்கு விளம்பரதாரர் யாரும் கிடைக்கவில்லை. கிடைக்கவும் மாட்டார்கள். அவன் முகத்தைத் தங்கள் பொருளில் போட விரும்புகிறவர்கள் அவனுக்கல்ல, எங்களுக்குப் பணம் கட்ட வேண்டும். பதினோராவது ஷரத்து அப்படித்தான் வேலை செய்யும்.

இங்கே அவன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கஸ்தூரி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருடம் தையல் மெஷினில் இருந்துவிட்டு, செக்கிங் பிரிவுக்கு வந்தவர். எங்கள் பனியன்களைத் தைத்துக் கொடுத்தது அதே கம்பெனி. அச்சு கோணிப்போன, தையல் விட்டுப்போன பனியன்களைப் பிரித்தெடுப்பதும், அவற்றை வெட்டி, கழிவுத் துணியாக வெளியே அனுப்பக் கோணியில் கட்டுவதும் அவர் வேலை. முத்திரை போட்ட பொருளைக் கழித்தால், முத்திரையின் குறுக்கே வெட்ட வேண்டும் என்பது விதி. யாரும் வெளியே எடுத்துப் போய் விற்றுவிடக் கூடாது அல்லவா. மாதம் ஒருமுறை நான் நேரில் போய்ப் பார்த்து, அழிப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவேன்.

முத்திரை என்பது இங்கே தினகரனின் முகம்.

ஒரு தாயின் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து, மகன் முகத்தின் குறுக்கே நாளெல்லாம் வெட்டு என்று சொல்லியிருக்கிறோம் என்பது அந்த விதியை எழுதிய எனக்கோ, அவரை அங்கே உட்கார வைத்த சூப்பர்வைசருக்கோ தோன்றவே இல்லை. கஸ்தூரி யாரிடமும் முறையிடவில்லை. முகத்தை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தோளோடு வெட்டினார். கை போன பனியன் பனியனே இல்லை, ஆகவே விதிப்படி அழித்தாயிற்று என்பது அவர் கணக்கு.

நான் போனேன். கோணியின் வாயைப் பிரித்துப் பார்த்தேன். வெட்டுப்பட்ட துணிகள் தெரிந்தன. உள்ளே கைவிட்டு ஒன்றை எடுத்து விரிக்க வேண்டும் என்பது நானே எழுதிய நடைமுறை. மதியச் சாப்பாட்டு நேரம், விரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். அடுத்த இரண்டு மாதங்களும் அப்படியே. மூன்று சான்றிதழ்கள்.

ஆடியில் பந்தயத் தடத்துக் கடைக்காரர் புகார் எழுதி அனுப்பினார். "கை மாத்துன பனியன் கீதா?" என்று ஆட்கள் கேட்கிறார்களாம். கறுப்பு உடம்பு, ஒரு கை மஞ்சள், ஒரு கை சிவப்பு. மேனாம்பேட்டில் விற்கிறார்களாம். அதைப் பார்த்தவர்கள் அசல் பனியனை வாங்க மறுக்கிறார்களாம். மறுநாள் அங்கே அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். நான் புறப்பட்டுப் போனேன்.

தெரு முழுக்க மஞ்சள் சிவப்புக் கைகள். பந்தலுக்குக் கீழே ஒரு மேசை, அதன்மேல் பனியன் அடுக்கு. விற்றுக்கொண்டிருந்தவர் குமார், ஆட்டோ ஓட்டுபவர், தினகரனோடு ஒரே பள்ளியில் படித்தவர். நான் கையில் கோப்போடு வருவதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"வாங்க மேடம். கூழு குடிக்க வந்தீங்களா, பனியன் வாங்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும் இல்லை."

"அப்ப சண்டைக்கு. குந்துங்க. நின்னுகினு சண்ட போட்டா காலு வலிக்கும்."

"இதை யாரைக் கேட்டு விக்கிறீங்க?"

"எங்க ஆளு மூஞ்சிய விக்க யாரக் கேக்கணும்? ஏரியாவுல ஊட்டுக்கு ஊடு வாங்கிக்கினு கீறாங்க. சீட்டு துட்டு முக்காவாசி சேந்துபோச்சு. இன்னும் ஒரு வாரம் உட்டீங்கன்னா மச்சான் சீட்டு மச்சானுக்கே."

ஒரு பனியனை எடுத்து விரித்தேன். அச்சு அரை விரல் கோணியிருந்தது. அது எங்கள் அச்சு. போலி அல்ல. நான் அழிந்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்ட பனியன். கை ஒட்டிய இடத்தில் தையல் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. இருபது வருடம் மெஷினில் உட்கார்ந்த கையால்தான் அப்படித் தைக்க முடியும். நிமிர்ந்தேன். அடுப்போரம் கஸ்தூரி கையில் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தினகரன்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். நீங்கள் இருக்கும் நாற்காலியில்தான் நான் அன்று இருந்தேன்.

பதினோராவது ஷரத்தில் 'இ' என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. வீரரைச் சேர்ந்தவர்கள் நடத்தும் வரையறுக்கப்பட்ட விற்பனைக்கு லைசென்ஸிங் தலைவர் தன் கையெழுத்தில் அனுமதி தரலாம். வெளிநாட்டுப் படிவம் ஒன்றிலிருந்து எடுத்துச் சேர்த்தது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன். அது இருப்பது மற்ற யாருக்கும் நினைவில்லை. முதலாளியைக் கேட்க வேண்டியதில்லை. ஒரு தாள், ஒரு கையெழுத்து. அந்தப் பந்தலிலேயே, கூழ்ப் பானையின் மூடிமேல் வைத்து எழுதியிருக்கலாம்.

ஆனால் அனுமதித் தாளில் சரக்கின் மூலம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் உண்மையை எழுதினால் மூன்று சான்றிதழ்களும் பொய் என்றாகும். என் பணிப் பதிவேட்டில் ஒரு கறுப்புப் புள்ளிகூடக் கிடையாது. ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது.

தினகரன் என் அருகில் வந்தான். எதுவும் கேட்கவில்லை. தம்ளரில் கூழ் கொண்டுவந்து நீட்டினான். "குடிங்க மேடம்" என்றான். நான் வாங்கிக்கொண்டேன். அவன் நகரவில்லை. நான் ஏதோ சொல்வேன் என்று காத்திருப்பவனைப் போல நின்றான்.

நான் கோப்பைத் திறந்து, "போலிச் சரக்கு, மூலம் தெரியவில்லை" என்று எழுதினேன். விற்பனையை நிறுத்தச் சொல்லும் கடிதத்தைக் குமாரிடம் கொடுத்தேன். விற்ற பணத்தை அலுவலகத்தில் கட்ட வேண்டும், இருக்கும் பனியன்களை ஒப்படைக்க வேண்டும் என்று படித்துக் காட்டினேன். குமார் கத்தினார். "இன்னா மேடம், போலியா? எது போலி? மூஞ்சியா?" தினகரன் அவர் தோளைப் பிடித்து அழுத்தினான். "உடு மச்சான். குடுத்துரு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையை எழுதியிருந்தால் கஸ்தூரியின் வேலை போயிருக்கும், திருட்டு வழக்குக்கூட வந்திருக்கும், போலி என்று எழுதியதால் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றினேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பல வருடம் இதை வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன். அனுமதித் தாளில் "கழிவுச் சரக்கு, என் மேற்பார்வையில் நேர்ந்த பிழையால் வெளியே சென்றது" என்று எழுதினால் கஸ்தூரிக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, பழி என்னோடு நின்றிருக்கும் என்ற எண்ணம் ஏன் அன்றைக்கு வரவில்லை? வந்தது. கூழ் தம்ளரைப் பிடித்திருந்தபோதே வந்தது.

ஆடி முடிந்தது. சீட் வேறு ஒரு பையனுக்குப் போனது. அவன் நல்ல பையன், நன்றாகத்தான் ஓட்டினான். எல்லோரும் பிரேக் தொடும் இடத்தில் அவனும் தொட்டான். வேறு இரண்டு அணிகள் தினகரனைக் கூப்பிட்டன. அவன் முகமும் எண்ணும் இன்னும் இரண்டு வருடத்துக்கு எங்களிடம் என்று தெரிந்ததும், முகம் இல்லாத வீரரை வைத்துக்கொண்டு என்ன விற்பது என்று விட்டுவிட்டார்கள். அந்த இரண்டு வருடமும் நாங்கள் ஒரு முப்பத்தெட்டாம் எண் பனியனும் அடிக்கவில்லை. சொந்தமாக வைத்திருந்தோம், அவ்வளவுதான். பந்தய வீரருக்கு அந்த வயதில் இரண்டு வருடம் என்பது முழு ஆயுள்.

லாபம் யாருக்குப் போக வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் உங்களைக் கேட்பார்கள். காருக்குச் செலவழித்தவருக்குப் பங்கு உண்டு. அதை நான் இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் முகத்துக்கு உரியவனை அந்தக் காரிலேயே உட்கார வைக்க உதவாத லாபம் எங்கே போனாலும் வீண். எங்களுக்கு அந்த ஆடியில் கடையில் என்ன மிஞ்சியது என்று எனக்கு நினைவில்லை. இழந்தது மட்டும் நினைவிருக்கிறது. வேலியோரம் நிற்பதை அடுத்த பந்தயத்தோடு விட்டுவிட்டேன்.

நான் ஓய்வு பெற்று முத்தாபுதுப்பேட்டைக்குக் குடிவந்தபோது, எஸ்டேட் வாசலில் ஒருநாள் கஸ்தூரியைப் பார்த்தேன். பேச மாட்டார் என்று நினைத்தேன். பேசினார். "புள்ள சேஸிஸ் ஓட்டிகினு கீறான்மா" என்றார். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் லாரி, மேலே உடம்பு கட்டுவதற்கு முன்னால் வெறும் எலும்பாக இருக்கும். இன்ஜின், சக்கரம், ஸ்டீயரிங், உட்கார ஒரு பலகை. கூரை இல்லை, கதவு இல்லை, முன்கண்ணாடி இல்லை. அதை ஊர்விட்டு ஊர் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பவர்கள் வெயிலுக்கும் தூசுக்கும் ஹெல்மெட் போட்டு, முகத்தைத் துணியால் சுற்றியிருப்பார்கள். அதற்குப் பிறகு சாலையில் ஒரு சேஸிஸ் போனால்கூட ஹெல்மெட்டுக்குள் யார் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. ஆவடி மார்க்கெட்டில் காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் கண் மருத்துவரைப் பார்க்கப் பூந்தமல்லி போனேன். பைபாஸ் ஓரம் ஒரு டீக்கடையில் நாலு சேஸிஸ்கள் நின்றிருந்தன. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த என்னை அவன்தான் முதலில் பார்த்தான்.

"மேடம்! நல்லா கீறீங்களா? கண்ணுக்கு இன்னா?"

"புரை. நீ எப்படி இருக்கே?"

"ஷோக்கா கீறேன். காத்து நல்லா வருது. உங்க கார்ல கூட இவ்ளோ காத்து வராது."

இத்தனை வருடம் மனத்துக்குள் எழுதி எழுதித் திருத்திய வாக்கியத்தைச் சொன்னேன். பதினோராவது ஷரத்தில் 'இ' என்று ஒன்று இருந்தது, அன்று நான் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் போதும் என்றேன்.

அவன் டீயைக் கீழே வைத்தான்.

"தெரியும் மேடம். ஒப்பந்தத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாலயே முழுசா படிச்சவன் நான். நானா கேட்டா அம்மா மாட்டிக்கும். நீங்களா சொன்னாத்தான் உண்டு. அதான் கூழு குடுத்துட்டு நின்னேன்."

அவனுக்கு என்மேல் கோபம் இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை. மற்ற மூவரும் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். அவன் ஹெல்மெட்டை மாட்டினான்.

"வேகமாப் போவியா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"நாப்பதுக்கு மேல போவக் கூடாது மேடம். எயுதிக் குடுத்துக்கீறோம். ரூல்ஸு."

காலை நேரம். பைபாஸ் கண்ணுக்கெட்டிய தூரம் காலியாகக் கிடந்தது. முன்னால் போன மூவரும் காலி ரோட்டைக் கண்டதும் பறந்துவிட்டார்கள். அவன் கடைசியாகச் சாலையில் ஏறினான். என் வாழ்க்கையில் முதல்முறையாக, யாராவது ஒரு விதியை மீற வேண்டும் என்று, வாய்விட்டுச் சொல்லாமல், மனதார வேண்டிக்கொண்டு நின்றேன். போ. போடா. ஒரே ஒரு தடவை.

அவன் நாற்பதிலேயே போனான். கண்ணில் புரை இருந்தும், வெகுநேரம் அவன் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தான்.